வட்டின் எக்ஸ்-கதிர் நிறமாலை பொருந்தவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கருந்துளையைச் சுற்றும் திரள் வட்டின் (உள்ளே விழும் வாயு சுழன்று உருவாகும் தட்டின்) எக்ஸ்-கதிர் நிறமாலையை எக்ஸ்ஸ்பெக் என்ற மென்பொருளில் ஏற்றி, வழியிலுள்ள வாயுவின் உறிஞ்சலுக்கு டிபாப்ஸ், வட்டின் வெப்ப ஒளிக்கு டிஸ்க்பிபி, உயர் ஆற்றல் ஒளிக்குப் பவர்லா என்று மூன்று மாதிரிகளையும் கோத்து ஃபிட் கொடுத்தால் ஏதாவது ஒரு விடை வந்துவிடும். வெப்பநிலை வரும், ஆரம் வரும், பிழை எல்லைகூட வரும். அந்த விடை வானத்தில் இருக்கும் பொருளைப் பற்றியதா, கருவியைப் பற்றியதா, நாம் போட மறந்த ஓர் அமைப்பைப் பற்றியதா என்று மென்பொருள் சொல்லாது. எச்சங்கள்தான் அதைச் சொல்லும்; தரவிலிருந்து மாதிரியைக் கழித்தால் மிஞ்சும் வித்தியாசத்தைத்தான் எச்சம் என்கிறோம். அது எந்த ஆற்றலில் மிஞ்சுகிறது, என்ன வடிவத்தில் மிஞ்சுகிறது என்று நிதானமாகப் பார்த்தால் பல பிழைகள் மாதிரியைத் தொடாமலே பிடிபடும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் எது தெரிகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மாதிரிகளின் பெயர்களையும் கட்டளைகளையும் நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். ஆற்றல் எல்லா இடத்திலும் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், சுருக்கமாகக் கேஈவி.

ஃபிட் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

எக்ஸ்ஸ்பெக்கைத் திறந்ததும் தனிம விகிதப் பட்டியல் எதில் நிற்கிறது என்று பாருங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது ஆண்டர்ஸும் கிரெவெஸ்ஸும் 1989இல் வெளியிட்ட பட்டியலை எடுத்துக்கொள்ளும். டிபாப்ஸ் மாதிரியோ 2000இல் வில்ம்ஸ், ஆலன், மெக்ரே மூவரும் கொடுத்தது. விண்மீன்களுக்கு இடையிலான வாயுவுக்கென்று அவர்கள் தந்த பட்டியல் வேறு. பழைய பட்டியலில் பத்தாயிரம் ஹைட்ரஜன் அணுவுக்கு சுமார் 8.5 ஆக்சிஜன் அணு, புதியதில் 4.9. எக்ஸ்-கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சுவது ஆக்சிஜன் போன்ற கனமான தனிமங்கள்தான். ஹைட்ரஜன் அடர்த்தி என்று நாம் எழுதும் எண் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது. அதனால் பட்டியல் மாறினால் அந்த எண்ணும் கணிசமாக மாறும். 'அபண்ட் வில்ம்', 'எக்ஸ்செக்ட் வெர்ன்' என்று இரண்டு வரி போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வேறொருவர் கட்டுரையில் இருக்கும் அடர்த்தியோடு உங்களுடையது ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அவர் எந்தப் பட்டியலைப் போட்டார் என்பது.

அடுத்து, வரைபடம். 'பிளாட் எல்டேட்டா டெல்கை' போடுங்கள்; தரவு மேலே, எச்சம் கீழே என்று வரும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று 'ஈஈயுஎஃப்' வரைபடத்தை வைத்துப் பிழை தேடாதீர்கள். அதில் தெரியும் புள்ளிகள் நீங்கள் போட்ட மாதிரியை வைத்தே விரித்தெடுக்கப்பட்டவை. மாதிரி மாறினால் புள்ளிகளும் நகரும். தவறான மாதிரியில் ஒரு கூர்மையான கோடு இருந்தால் 'தரவிலேயே' ஒரு கோடு இருப்பதுபோலத் தெரியும்.

மூன்றாவது, ஒளி வளைவு. நிறமாலையை எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை சேர்த்தீர்களோ, அந்த இடைவெளியில் மூலத்தின் பிரகாசமும் நிற விகிதமும் எப்படி நடந்துகொண்டன என்று வரைந்து பாருங்கள். ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளை போன்ற மூலம் சில நொடிகளிலும் நிமிடங்களிலும் நிலை மாறும். அதன் ஆட்டத்தை 12 வகையாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை ஒரு மணி நேரம் சராசரி எடுத்தால், எந்த நொடியிலும் இல்லாத ஒரு வட்டின் வெப்பநிலைதான் உங்களுக்குக் கிடைக்கும்.

ரெட்யூஸ்டு கை-ஸ்கொயர் 5, 10 என்று நிற்கிறது. எச்சம் எல்லா இடத்திலும்

ரெட்யூஸ்டு கை-ஸ்கொயர் என்பது தரவும் மாதிரியும் எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவு; நல்ல பொருத்தத்தில் 1க்கு அருகே நிற்கும். மாதிரியை மாற்றும் முன் கோப்புகளைப் பாருங்கள். ஆர்எம்எஃப் (எந்த ஆற்றலைக் கருவி எங்கே பதிவு செய்யும் என்ற கோப்பு), ஏஆர்எஃப் (ஒவ்வோர் ஆற்றலிலும் கருவியின் திறனைச் சொல்லும் கோப்பு) இரண்டும் ஏறியிருக்கின்றனவா? அதே நோக்கிடலுக்கு உரியவையா? பின்னணிக் கோப்பின் பரப்பு விகிதம் சரியா? 'ஷோ ஆல்' கொடுத்தால் எல்லாம் திரையில் வரும். ஏஆர்எஃப் ஏறாமல் போனால் எச்சம் அலை அலையாக, கருவியின் திறன் வளைவின் வடிவத்திலேயே நிற்கும். 'இக்னோர் பேட்' கொடுத்தீர்களா, கருவி நம்பகமாக அளக்கும் எல்லைக்குள் வெட்டினீர்களா என்பதும் இங்கேயே. எக்ஸ்-கதிர் தொலைநோக்கிகளில் நியூஸ்டார் 3 முதல் 79 வரை, நைசர் 0.2 முதல் 12 வரை என்று ஏட்டில் இருக்கும். ஆனால் பின்னணி மூலத்தை மீறும் இடத்தில் உங்கள் எல்லை முடிந்துவிடுகிறது. அந்த இடத்தை வரைபடத்தில் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நைசர் தரவென்றால் தேதியையும் பாருங்கள். 2023 மே மாதத்தில் அந்தக் கருவிக்குள் சூரிய ஒளி கசியத் தொடங்கியது. அதற்குப் பிறகு எடுத்த பகல்நேரத் தரவில் மிகக் குறைந்த ஆற்றலில் ஒரு சுவர் எழும்பி நிற்கும். அதை வட்டின் மென்மையான மிகையொளி என்று நினைத்து இன்னொரு கரும்பொருள் கூறைச் சேர்ப்பது எளிது, தவறும்கூட.

இன்னொன்று: ரெட்யூஸ்டு கை-ஸ்கொயர் 2க்கு மேல் இருந்தால் 'எரர்' கட்டளை வேலை செய்ய மறுக்கும். அந்த வரம்பை உயர்த்தும் வழி இருக்கிறது. உயர்த்தாதீர்கள். பொருந்தாத மாதிரியின் பிழை எல்லைக்கு அர்த்தமே இல்லை.

ரெட்யூஸ்டு கை-ஸ்கொயர் 0.5, எல்லாம் 'நன்றாக' இருக்கிறது

சிஸ்டமேட்டிக் பிழை (கருவியின் அளவீட்டுக் குறைக்காகச் சேர்க்கும் கூடுதல் பிழை) எவ்வளவு சேர்த்தீர்கள் என்று பாருங்கள். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்திலுள்ள எஸ்எக்ஸ்டி, லேக்ஸ்பிசி கருவிகள் இரண்டையும் சேர்த்துப் பொருத்தும்போது 2 அல்லது 3 சதவீதம் சேர்ப்பது வழக்கம். ஒரே கோப்பில் அது இரண்டு முறை ஏறியிருக்கலாம்: நிறமாலைக் கோப்பை உருவாக்கும்போது ஒரு முறை, எக்ஸ்ஸ்பெக்கில் ஒரு முறை. பிரகாசமான மூலத்துக்கு இது உண்மையான எச்சத்தை மூடிவிடும்.

எண்ணிக்கை குறைவான மூலமென்றால் கதை வேறு. ஒரு கட்டத்துக்கு 20, 25 ஒளியணுவாவது இல்லாமல் கை-ஸ்கொயர் போட்டால் விடை ஒரு பக்கம் சாயும். அங்கே குறைந்த எண்ணிக்கைக்குப் பொருந்தும் சி-ஸ்டாட் என்ற அளவுக்கு மாறுங்கள். கட்டங்களைத் தொகுப்பதற்கு காஸ்ட்ரா, ப்ளீக்கர் இருவரின் 2016 முறையை எஃப்டிகுரூப்பிஎச்ஏ என்ற நிரல் நேரடியாகவே செய்து தரும். எனக்கு இப்போது அதுதான் பழக்கம்.

1.8, 2.2 கேஈவி அருகே கூரான மேடு பள்ளம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் எனக்கு இதில் பல வாரங்கள் போயிருக்கின்றன. ஆராய்ச்சிக்கு வந்த புதிதில் ஒரு கருந்துளையின் நிறமாலையில் 2.2 அருகே ஒரு மேடு கிடைத்தது. காஸியன் (மணி வடிவக் கோடு) ஒன்றைச் சேர்த்தேன், கை-ஸ்கொயர் நன்றாக இறங்கியது. வட்டிலிருந்து கிளம்பும் காற்றில் உள்ள கந்தகம் என்று ஒரு விளக்கமும் எழுதிவிட்டேன். பிறகு ஒருநாள் அதே கருவி எடுத்த நண்டு நெபுலாவின் நிறமாலையை எடுத்து, வெறும் உறிஞ்சலும் பவர்லாவும் போட்டுப் பார்த்தேன். நண்டு நெபுலாவின் நிறமாலை இந்தப் பகுதியில் 2.1 சரிவுள்ள மழமழப்பான கோடு. அதில் இப்படி மேடு வர வழியே இல்லை. அங்கேயும் அதே 2.2இல், அதே அகலத்தில், அதே மேடு இருந்தது. இரண்டு எச்சங்களையும் ஒரே தாளில் அச்செடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றின் மேல் ஒன்று படிந்தது.

1.84இல் இருப்பது உணரியின் சிலிக்கான் கே விளிம்பு. 2.2 முதல் இருப்பது கண்ணாடியில் பூசிய தங்கத்தின் எம் விளிம்பு. ஆற்றல் அளவீடு இம்மியளவு நகர்ந்தாலும் இந்த இரண்டு இடத்திலும் எச்சம் கூராகத் தெரியும், ஏனென்றால் கருவியின் திறன் அங்கே செங்குத்தாக மாறுகிறது. செய்ய வேண்டியது: ஆற்றல் அளவீட்டைத் திருத்தும் 'கெயின் ஃபிட்' போட்டு, சரிவை 1இல் நிறுத்தி, நகர்வை மட்டும் விடுங்கள். எஸ்எக்ஸ்டியில் 0.02, 0.03 கேஈவி அளவுக்கு நகர்வு வந்தால் அது வழக்கமானதுதான். கெயின் போட்டதும் மேடு மறைந்தால் அது கருவியுடையது. மறையாவிட்டாலும் நண்டு நெபுலாவோடு ஒப்பிட்டுவிட்டே அதற்குப் பெயர் வையுங்கள்.

கோடு உண்மையா என்று நிரூபிக்க எஃப்-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கோட்டின் உயரம் பூஜ்யம் என்பது அதன் அளவுரு எல்லையின் விளிம்பில் கிடக்கிறது. அந்த நிலையில் அந்தச் சோதனை செல்லாது என்று 2002இலேயே ப்ரோட்டசோவும் உடன் எழுதியவர்களும் காட்டிவிட்டார்கள். கோடில்லாத மாதிரியிலிருந்து ஆயிரம் போலி நிறமாலை உருவாக்கி, அவற்றில் எத்தனை முறை இவ்வளவு இறக்கம் தற்செயலாக வருகிறது என்று எண்ணுங்கள். எக்ஸ்ஸ்பெக்கில் அதற்கு 'சிம்எஃப்டெஸ்ட்' இருக்கிறது.

ஹைட்ரஜன் அடர்த்தி ஏறிக்கொண்டே போகிறது, வட்டு காணாமல் போகிறது

மிகப் பரவலான நோய் இது. டிஸ்க்பிபியும் பவர்லாவும் போட்டிருப்பீர்கள். பவர்லாவின் சரிவு 2.5, 3 என்று செங்குத்தாக வரும். உறிஞ்சல் அந்தத் திசைக்கு எதிர்பார்ப்பதைவிட இரண்டு மடங்கு இருக்கும். மாதிரியின் கூறுகளைத் தனித்தனியே வரைந்தால் 1 கேஈவிக்குக் கீழே பவர்லா வட்டைவிட உயரமாக நிற்பது தெரியும்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. பவர்லா என்று நாம் எழுதுவது வட்டுக்கு அருகே கொரோனா என்ற பகுதியில் உள்ள சூடான எலக்ட்ரான்கள், வட்டிலிருந்து வந்த ஒளியணுக்களை மேலே தள்ளியதால் பிறந்த ஒளி. விதை ஒளியணுவே வட்டுடையது என்றால், வட்டின் உச்சத்துக்குக் கீழே பவர்லா தொடர்ந்து ஏற முடியாது. ஆனால் பவர்லா என்ற சூத்திரத்துக்கு அது தெரியாது; பூஜ்யத்தை நோக்கி ஏறிக்கொண்டே போகும். வராத அந்த ஒளியை மறைக்க ஃபிட் உறிஞ்சலைக் கூட்டும். உறிஞ்சல் கூடியதும் வட்டின் அளவு மாறும். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று என்று மூன்று அளவுருக்களும் சேர்ந்து நகரும்.

தீர்வு: பவர்லாவை எடுத்துவிட்டு சிம்ப்பிள் என்ற மாதிரியைப் போடுங்கள்; ஸ்டைனரும் உடன் எழுதியவர்களும் 2009இல் கொடுத்தது. அது டிஸ்க்பிபியின் ஒளியணுக்களில் ஒரு பங்கை எடுத்து மேலே சிதறவிடும், ஒளியணுக்களின் எண்ணிக்கை கூடாது குறையாது. அல்லது கொரோனாவின் சிதறலைக் கணக்கிடும் என்தகாம்ப் போட்டு அதன் விதை வெப்பநிலையை டிஸ்க்பிபியின் வெப்பநிலையோடு கட்டிவிடுங்கள். எந்த வழியில் போனாலும் கீழ்ப்பக்கம் தானாக வளைந்துவிடும், உறிஞ்சல் பழைய இடத்துக்கு இறங்கும்.

சிம்ப்பிள் போட்டதும் புதிதாக ஒரு கோளாறு வரலாம்: தரவின் மேல் முனையிலோ கீழ் முனையிலோ மாதிரி திடீரென்று விழும். அது கன்வல்யூஷன் வகை மாதிரி, அதாவது இன்னொரு மாதிரியின் ஒளியை எடுத்து மாற்றுவது. உங்கள் தரவின் எல்லைக்கு வெளியே இருக்கும் ஒளியணுக்களும் கணக்குக்கு வேண்டும். 'எனர்ஜீஸ் 0.01 500 1000 லாக்' என்று கொடுத்தால் சரியாகிவிடும். நான் இதை எல்லா ஸ்கிரிப்ட்டிலும் முதல் வரிகளுக்குள் வைத்திருக்கிறேன்.

நியூஸ்டார் மட்டும் கையில் இருந்தால் அந்த நோய்க்கு மருந்து வேறு. 3 கேஈவிக்கு மேல்தான் அதன் தரவு, 0.3 வெப்பநிலை உள்ள வட்டு அங்கே தெரியவே தெரியாது, உறிஞ்சலையும் அளக்க முடியாது. அடர்த்தியை நைசரிலிருந்தோ எக்ஸ்எம்எம் விண்கலத்திலிருந்தோ கிடைத்த மதிப்பில் நிறுத்திவிடுங்கள்.

உள் ஆரம் நம்ப முடியாத அளவுக்குச் சிறியது

டிஸ்க்பிபி ஆரத்தை நேராகத் தராது, நார்ம் என்ற எண்ணைத் தரும். கிலோமீட்டரில் எழுதிய உள் ஆரத்தை, 10 கிலோபார்செக் அலகில் எழுதிய தூரத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, சாய்வுக் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் வருவது அது. ஒவ்வொரு ஃபிட்டுக்குப் பிறகும் இந்த எண்ணைக் கையால் ஆரமாக மாற்றிப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு பழக்கம் பிடித்துக் கொடுத்த அளவுக்கு வேறெதுவும் பிழையைப் பிடித்துக் கொடுத்ததில்லை.

எல்எம்சி எக்ஸ்-3 என்ற கருந்துளையை எடுத்துக்கொள்வோம். பெரிய மெகல்லானிக் மேகத்தில் இருப்பதால் தூரம் நன்றாகத் தெரியும்: சுமார் 48 கிலோபார்செக். நிறை ஏறத்தாழ 7 சூரியன், சாய்வு 69 பாகை. கணக்குக்காக உங்கள் நார்ம் 25 என்று வைப்போம். தூரம் 10 கிலோபார்செக் அலகில் 4.8. கோசைன் 69 பாகை சுமார் 0.36. 25ஐ 0.36ஆல் வகுத்தால் சுமார் 70, வர்க்கமூலம் 8.4 அளவு, 4.8ஆல் பெருக்கினால் 40 கிலோமீட்டர். இது தோற்ற ஆரம்தான். வட்டின் மேல்பரப்பில் ஒளி சிதறுவதால் நிறம் உண்மையான வெப்பநிலையைவிடச் சூடாகத் தெரியும். அந்தத் திருத்தம் 1.7, வர்க்கமாக்கினால் 2.9. உச்ச வெப்பநிலை உள் விளிம்பிலேயே இல்லாமல் சற்று வெளியே இருப்பதற்கு 0.412. இரண்டையும் பெருக்கினால் 1.19. ஆக ஆரம் 48 கிலோமீட்டர்.

சரி, இது நியாயமா? 7 சூரியன் நிறைக்கு ஈர்ப்பு ஆரம் 10.3 கிலோமீட்டர். சுழலாத கருந்துளையின் கடைசி நிலையான வட்டப்பாதை அதைப்போல் ஆறு மடங்கு, 62 கிலோமீட்டர். சுழன்றால் அது உள்ளே வரும். 48 என்பது மிதமாகச் சுழலும் கருந்துளைக்குப் பொருந்தும். இதே மூலத்தில் உங்கள் நார்ம் 0.4 என்று வந்திருந்தால் தோற்ற ஆரம் 5 கிலோமீட்டர், திருத்தினால் 6. முழு வேகத்தில் சுழன்றால்கூட நிகழ்வு எல்லை 10 கிலோமீட்டரில் இருக்கிறதே! வட்டு அதற்குள் போக முடியாது.

அப்படி வந்தால் வெப்பநிலையைப் பாருங்கள். அனேகமாக 2, 3 கேஈவி என்று இருக்கும். டிஸ்க்பிபி அங்கே வட்டை விட்டுவிட்டு, கொரோனாவின் வளைவையோ இரும்பு எதிரொளிப்பையோ நிரப்பப் போய்விட்டது. பவர்லாவும் அதுவும் வேலையை மாற்றிக்கொண்டிருக்கும். வெப்பநிலையை 0.2க்கும் 1.5க்கும் நடுவே கட்டி, மறுபடி தொடங்குங்கள். அது மேல் எல்லையில் போய் ஒட்டிக்கொண்டால் வேறு ஏதோ ஒரு கூறு விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

எல்எம்சி எக்ஸ்-3ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1983 முதல் 2009 வரை 26 ஆண்டுகளில் எட்டு விண்கலங்கள் எடுத்த தரவை ஒன்றாக வைத்து ஸ்டைனர் குழு பார்த்தபோது, பிரகாசம் பல மடங்கு ஏறி இறங்கினாலும் உள் ஆரம் சில சதவீதத்துக்குள்தான் மாறியது. வட்டின் ஒளியே மேலோங்கும் மென்நிலையில் இருக்கும் ஒரு வட்டு இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். உங்கள் மூலத்தின் பல நாள் தரவில் ஆரம் நாளுக்கு நாள் மூன்று மடங்கு ஆடினால், வட்டைச் சந்தேகிப்பதற்கு முன் மாதிரியைச் சந்தேகியுங்கள்.

சுழலும் கருந்துளையின் வட்டுக்கான கெர்பிபி மாதிரியைப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறை, தூரம், சாய்வு மூன்றையும் வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். நார்ம் 1இல் நிற்க வேண்டும். சுழற்சியும் திரள் வேகமும் மட்டும் விடுதலை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'சுழற்சி 0.99' என்று வந்தால் அது எதையும் அளக்கவில்லை. பிரகாசம் எடிங்டன் எல்லையில் (ஒளியின் அழுத்தம் ஈர்ப்பைச் சமன் செய்யும் பிரகாசத்தில்) 30 சதவீதத்துக்கு மேலிருந்தாலும், சிம்ப்பிளின் சிதறல் பங்கு 25 சதவீதத்துக்கு மேலிருந்தாலும் அந்த முறையையே நம்ப வேண்டாம். மெல்லிய வட்டு என்ற அடிப்படை அங்கே தளர்ந்துவிடுகிறது.

மூலம் பிரகாசமானது, உயர் ஆற்றல் பக்கம் எதிர்பாராமல் தூக்குகிறது

பைல்-அப். சிசிடி ஒரு சட்டகத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒரே இடத்தில் இரண்டு ஒளியணு விழுந்தால், இரண்டு 1 கேஈவி ஒளியணுவை ஒரு 2 கேஈவி ஒளியணு என்று எண்ணிவிடும். எண்ணிக்கை குறையும், நிறமாலை கடினமாகும். எக்ஸ்எம்எம்மின் பிஎன் கேமரா முழுச்சட்டக முறையில் படிக்க 73 மில்லிநொடி எடுக்கும், டைமிங் முறையில் 0.03 மில்லிநொடிதான். எந்த முறையில் எடுத்தது என்று பார்த்துவிட்டு எபாட்பிளாட் என்ற சோதனை வரைபடத்தைப் போடுங்கள். ஒரு படப்புள்ளியில் பதிந்த ஒற்றை நிகழ்வு, இரண்டில் பதிந்த இரட்டை நிகழ்வு இவற்றின் விகிதம் மாதிரிக் கோட்டை விட்டு விலகினால் நடுப்பகுதியை வெட்டிவிட்டு வளையத்திலிருந்து மட்டும் நிறமாலை எடுங்கள். விலகல் மறையும் வரை வெட்டுங்கள். வெட்டிய பிறகு ஏஆர்எஃப்பைப் புதிதாக உருவாக்க மறந்துவிட வேண்டாம்.

நியூஸ்டாரில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் நொடிக்கு நூறு எண்ணிக்கைக்கு மேல் வரும் மூலத்துக்கு, நல்ல நிகழ்வுகளையே இரைச்சல் என்று வடிகட்டி வெளியே தள்ளிவிடும். அதற்கென்று தனி நிலை வடிகட்டியைத் தரவைப் பதப்படுத்தும் பைப்லைனில் கொடுக்க வேண்டும்.

நியூஸ்டாரின் ஏ-யும் பி-யும் ஒத்துப்போகவில்லை

ஏ, பி இரண்டும் அதன் இரட்டை உணரிகள். ஒரு கான்ஸ்டன்ட்டை முன்னால் பெருக்கி, ஏவில் 1 என்று நிறுத்தி, பியில் விட்டுவிடுங்கள். சில சதவீதத்துக்குள் வந்தால் கவலையில்லை. 3 முதல் 5 கேஈவி வரை மட்டும் ஏ தூக்கலாக இருந்தால் அது தெரிந்த விஷயம்: அதன் முன்னால் இருக்கும் வெப்பத் தடுப்புப் போர்வையில் கிழிசல் விழுந்திருக்கிறது, எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் ஒளி உள்ளே வருகிறது. புதிய அளவீட்டுக் கோப்புகளோடு மறுபடி பைப்லைனை ஓட்டுங்கள். அதற்கு வட்டை ஒன்று சேர்த்துவிடாதீர்கள்.

இரும்புக் கோட்டின் அகலம் ஓடிக்கொண்டே போகிறது

காஸியனின் மையம் 5.5க்கு இறங்கி, அகலம் 1.5, 2 என்று விரிந்தால் அது கோடாக இருப்பதை நிறுத்திவிட்டது. தொடரொளியின் வளைவை நிரப்பிக்கொண்டிருக்கிறது. இரும்பின் கே ஆல்ஃபா நடுநிலை அணுவில் 6.4, ஹைட்ரஜன் போல ஆன அணுவில் 6.97. மையத்தை இந்த இரண்டுக்கும் நடுவே கட்டுங்கள். அப்புறம் 4 முதல் 7.5 வரை விட்டுவிட்டுத் தொடரொளியை மட்டும் பொருத்துங்கள்; பிறகு அந்தப் பகுதியைச் சேர்த்து விகிதத்தை வரையுங்கள். சிவப்புப் பக்கம் நீளமாக இழுபட்டு, நீலப் பக்கம் சட்டென்று விழுந்தால் சார்பியல் விளைவு உள்ள கோடு. காஸியனை எடுத்துவிட்டு ரெல்எக்ஸில் என்ற எதிரொளிப்பு மாதிரியைப் போடுங்கள். சாய்வு அதிகமுள்ள மூலத்தில் 6.7, 6.97 இரண்டிலும் பள்ளம் இருந்தால் அது வட்டுக் காற்றின் உறிஞ்சல். அதைச் சேர்க்காமல் விட்டால் கோட்டின் நீல விளிம்பு தவறாக வெட்டப்பட்டு, சாய்வுக் கோணம் கெட்டுப்போகும்.

ரெல்எக்ஸிலில் அளவுருக்கள் எல்லையில் முட்டுவது அடுத்த புகார். சுழற்சியையும் உள் ஆரத்தையும் ஒரே நேரத்தில் விடாதீர்கள். இரண்டும் ஒரே தகவலைத்தான் கேட்கின்றன. இரும்பு அளவு சூரியனைப்போல் 5 மடங்கு, 8 மடங்கு என்று ஏறினால் வட்டின் அடர்த்தியைச் சந்தேகியுங்கள். அடிப்படை ரெல்எக்ஸில் கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ என்று நிறுத்திக் கணக்கிட்டது. விண்மீன் நிறைக் கருந்துளைகளின் உள் வட்டு அதைவிட மிக அடர்த்தியாக இருக்கலாம். சிக்னஸ் எக்ஸ்-1இல் உயர் அடர்த்தி மாதிரியைப் போட்டபோது இரும்பைச் சூரிய அளவிலேயே வைத்துப் பொருத்த முடிந்தது.

நியூட்ரான் விண்மீன்: இரண்டு விடை, இரண்டும் பொருந்துகிறது

வட்டும் இருக்கிறது, மேற்பரப்பும் இருக்கிறது. எது குளிர்ந்தது, எது சூடானது, எந்த ஒளியைக் கொரோனா சிதறடிக்கிறது என்பதில் 1980களிலிருந்தே கிழக்கு மாதிரி, மேற்கு மாதிரி என்று இரண்டு தரப்பு உண்டு. ஒரே நிறமாலையில் இரண்டும் ஒரே கை-ஸ்கொயருக்கு வருவது அடிக்கடி நடக்கும். இங்கேயும் ஆரமாக மாற்றுங்கள். மேற்பரப்புக்குப் போடும் பிபாடிராட் என்ற மாதிரியின் நார்ம் கரும்பொருள் ஆரத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தது, அதே அலகுகளில். விண்மீனின் ஆரம் 10 முதல் 13 கிலோமீட்டர் வரை. வட்டின் உள் ஆரம் அதைவிடச் சிறியதாக வந்தாலோ, 'மேற்பரப்பு' 40 கிலோமீட்டர் என்று வந்தாலோ அந்த விடையைத் தள்ளிவிடலாம். இரண்டும் தப்பித்தால் ஒரு நிறமாலையை மட்டும் வைத்துத் தீர்க்க முயலாதீர்கள். பிரகாசம் மாறிய பல நாள் தரவை எடுத்து, எந்த மாதிரியில் அளவுருக்கள் ஒழுங்காக நகர்கின்றன என்று பாருங்கள்.

'எரர்' கொடுத்தால் புதிய சிறந்த ஃபிட் கிடைத்தது என்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு விடை

நீங்கள் நின்றது ஓர் ஓரப் பள்ளம்; கை-ஸ்கொயரின் உண்மையான அடி வேறிடத்தில் இருக்கிறது. ஒரு முறை நடந்தால் மறுபடி ஃபிட் கொடுத்துத் தொடருங்கள். மூன்று நான்கு முறை நடந்தால் அளவுருக்களைப் படிப்படியாக நகர்த்திப் பார்க்கும் 'ஸ்டெப்பார்' போடுங்கள்: உறிஞ்சல் ஓர் அச்சு, வட்டின் நார்ம் ஓர் அச்சு, பக்கத்துக்கு இருபது படி. கோடுகள் வாழைப்பழம் போல வளைந்து நீண்டிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. எரர் கட்டளை ஒவ்வோர் அளவுருவுக்கும் தனித்தனியாகத் தரும் எல்லை அந்தப் பின்னலைக் காட்டாது, அளவுருக்களைச் சேர்த்தே தற்செயலாக நகர்த்திப் பார்க்கும் குட்மன்-வேர் சங்கிலியை ஓடவிட்டு அதிலிருந்து எடுங்கள். தனித்தனியாக இரண்டு பள்ளம் தெரிந்தால் இரண்டையும் ஆரமாக மாற்றுங்கள். அப்போதும் இரண்டுமே நியாயமான எண்ணாக இருந்தால், கட்டுரையின் அட்டவணையில் இரண்டு விடையையும் பக்கத்துப் பக்கத்து நிரலில் கொடுங்கள், எந்த அபண்ட் பட்டியல், எந்த எனர்ஜீஸ் வரி, எந்தப் பதிப்பு அளவீட்டுக் கோப்பு என்பதையும் சேர்த்து.